ஆகஸ்ட்டைக் கடந்தவர்களின் பட்டியல்

தோன் அனஸ்தாசியோ ஒவெலார் எங்கள் ஊர் வானொலியில் முப்பத்தொரு வருடம் பேசினார். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் மாதா கோயில் கோபுரத்தில் கட்டியிருந்த நான்கு ஒலிபெருக்கிகளில் பேசினார். நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த அன்று அவரால் ஒரு சொல் சொல்ல முடியவில்லை. ஜூன் மாதம் பக்கவாதம் வந்து, வலது கையும் வலது காலும் பேச்சும் போயிருந்தன. விழுங்குவதும் பாதி போயிருந்தது. நான் அவரோடு இருந்தது ஒன்பது வாரம்.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவள் முதலில் அவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. இவர் விஷயத்தில் அந்த வேலை மிச்சம். ஊருக்கே தெரியும். மீதியை அவருடைய அக்கா ஞா பெர்பெத்துவா சொன்னாள். ஆண்களுக்குத் தோன், பெண்களுக்கு ஞா, எங்கள் ஊர் மரியாதை அப்படி. அவளுக்கு எண்பத்து நான்கு, அவருக்கு எண்பத்தொன்று. அவள் விதவை, அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இருவரும் ஒரே வீட்டில் முப்பது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள்.

அவர் செங்கல் சூளைக்காரர் வீட்டுப் பிள்ளை. பதினேழு வயதில் தலைநகர் அசுன்சியோனுக்குப் போகும் பேருந்தில் ஊர்ப் பெயர் கூவும் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் ஊர்ப் பெயரோடு நிற்கவில்லை. இந்த நிறுத்தத்தில் யார் வீட்டுக் குதிரை ஓடிப்போனது, அடுத்த நிறுத்தத்தில் யார் மகள் யாரோடு ஓடிப்போனாள் என்றெல்லாம் சேர்த்துச் சொன்னார். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தவர்கள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனார்கள். முதலாளி வேலையை விட்டு நீக்கினார்.

அந்தப் பேருந்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஒரு புத்தகத்தை மறந்து விட்டுப் போயிருந்தார். பெரிய கலைக்களஞ்சியம், அதன் முதல் தொகுதி, A என்ற முதல் எழுத்துக்கு உரியது. யாரும் தேடி வராததால் தோன் அனஸ்தாசியோ அதை வீட்டுக்கு எடுத்து வந்தார். எங்கள் மொழியில் பன்னிரண்டு மாதங்களில் ஏப்ரலும் ஆகஸ்ட்டும்தான் அந்த எழுத்தில் தொடங்கும். அவருடைய பிற்கால வாழ்க்கையை நிர்ணயித்தது அதுதான்.

ஏனென்றால் வானொலியில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை ஆறு மணிக்கு அவர் அந்த மாதத்தின் கதையைச் சொல்வார். பெயர் எப்படி வந்தது, எந்தப் பூ, எந்தக் கல், வரலாற்றில் அந்த மாதம் என்ன நடந்தது. மற்ற பத்து மாதங்களுக்கு மருந்துக் கடை கொடுத்த காலண்டரில் இருந்து கொஞ்சம், சொந்தச் சரக்கு கொஞ்சம். நவம்பரை எல்லாம் கேட்கச் சகிக்காது. ஏப்ரல் பரவாயில்லை. ஆகஸ்ட் மட்டும் வைரம். ஊரில் வானொலி இல்லாதவன்கூட அன்று பக்கத்து வீட்டு வேலியில் வந்து நிற்பான்.

ஆகஸ்ட் எங்களுக்குச் சாதாரண மாதம் இல்லை. எங்கள் பக்கம் ஜூனில் தொடங்கும் குளிர் முடியும் முன் ஒரு நாள் வடக்குக் காற்று சுடும், மறுநாள் தெற்குக் காற்று எலும்பை நோண்டும். மாடு இளைத்துப் போகும். லபாச்சோ மரங்கள் ஒரு இலைகூட இல்லாமல் ரோஜா நிறத்தில் பூத்து நிற்கும். வயதானவர்கள் வரிசையாகச் சாவார்கள். அதனால் முதல் தேதி விடியலில், வெறும் வயிற்றில், மூன்று மடக்கு கர்ருலிம் குடிக்க வேண்டும். கரும்புச் சாராயத்தில் அருவதா இலையும் எலுமிச்சையும் ஊறப்போட்டது. குடித்தவரை ஆகஸ்ட் தொடாது என்பது எல்லோர் வீட்டு நம்பிக்கை. நானும் வருடம் தவறாமல் குடிக்கிறேன். பயிற்சி பெற்றவள்தான், ஆனால் நானும் இந்த ஊர்க்காரி.

முப்பத்தொன்றாம் தேதி நண்பகலில் தோன் அனஸ்தாசியோ பட்டியல் வாசிப்பார். எழுபது வயதைத் தாண்டி, ஆகஸ்ட்டையும் தாண்டியவர்களின் பெயர்கள், வயதோடு. கோடு போட்ட ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருப்பார். கிழவர்கள் பல்செட் மாட்டிக்கொண்டு வானொலிக்கு முன்னால் உட்கார்ந்து தங்கள் பெயருக்குக் காத்திருப்பார்கள். கடைசியில் தன் பெயரைச் சொல்வார். போன வருடம், "நாப்பத்து மூணு. அனஸ்தாசியோ ஒவெலார், எண்பது. இன்னும் இருக்கான். ரேடியோவ அணைச்சாலும் பேசிக்கிட்டுத்தான் இருப்பான்" என்றார்.

இந்த வருடம் அந்த நோட்டு அவருடைய தலையணைக்கு அடியில் இருந்தது. ஜூலையில் ஒரு நாள் அதை இடது கையால் இழுத்து எடுத்து அக்காவிடம் நீட்டினார். அவள் பழைய பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க, அவர் தலையசைக்க, இறந்தவர்களை விட்டுவிட்டுப் புதிய பக்கத்தில் எழுதினாள். கடைசி வரியில் அவர் பெயரை எழுதினாள். அவர் விரலை அந்த வரியில் வைத்துத் தட்டினார். ஒரு முறை இல்லை, நான்கைந்து முறை. அந்த வீட்டில் அந்தக் குளிர்காலம் முழுக்க வேறு எந்தப் பேச்சும் கிடையாது. அந்த வரி வாசிக்கப்பட வேண்டும்.

நான் என் வேலையைச் செய்தேன். மருத்துவமனையில் சோதித்துவிட்டுச் சொல்லியிருந்தார்கள்: தண்ணீர் போல ஓடுவது எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. தொண்டைக் கதவு சரியான நேரத்துக்கு மூடுவதில்லை. ஓடுவது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். அதனால் எல்லாவற்றையும் கெட்டியாக்கினேன். சூப்பில் சோள மாவு, பாலில் மரவள்ளி மாவு, பூசணிக்காயை மசித்து. குழல் வைத்து உறிஞ்சும் எங்கள் இலைத் தேநீரான மத்தேயையும் நிறுத்தினேன். எங்கள் ஊரில் ஒரு ஆளுக்கு மத்தே கூடாது என்று சொல்வது மூச்சு விடாதே என்று சொல்வது மாதிரி. மூன்று நாள் என் முகத்தைப் பார்க்க மறுத்தார். பெர்பெத்துவா தன் மத்தேயைச் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தாள்.

பேச்சுப் பயிற்சிக்கு ஆள் தலைநகரில்தான். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கும் பழகிய வரிசைகள் சில சமயம் உள்ளே அப்படியே இருக்கும். எண்கள், ஜெபம், பாட்டு. இவருக்கு மாதங்கள் இருந்தன. நான் "ஜனவரி" என்று தொடங்கினால் அவர் பிடித்துக்கொள்வார். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று கரடுமுரடாக ஓடி ஜூலையில் நின்றுவிடுவார். ஒவ்வொரு முறையும் ஜூலைதான்.

"ஆகஸ்ட் அவன் தொண்டையில உக்காந்திருக்கு" என்றாள் பெர்பெத்துவா.

"மூச்சு அவ்வளவுதான் இருக்கு, ஞா பெர்பெத்துவா. ஏழு மாசத்துக்கு வருது, எட்டுக்கு வரல."

"அது ஏன் அஞ்சுல நிக்கல? ஆறுல நிக்கல?"

"நாளைக்கு ஆறுலயும் நிக்கலாம்."

"நீ படிச்சவ. உனக்கு எல்லாத்துக்கும் ஒரு குழாய் இருக்கும்."

குழாய் என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் ஒரு அட்டையில் தொண்டையின் படம் வரைந்து இருவருக்கும் காட்டியிருந்தேன். முன்னால் ஒரு குழாய், பின்னால் ஒரு குழாய், நடுவில் ஒரு கதவு. அவரிடம், "புரிஞ்சுதா, தோன் தாச்சோ?" என்று கேட்டேன். தாச்சோ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நன்றாகத் தலையசைத்தார். பேச்சு போனதே தவிர அறிவு போகவில்லை. இதை நான் இப்போது சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் முதல் தேதி வந்தது. எனக்கும் அவரைச் சும்மா விட மனமில்லை. விடியலில் எழுந்து முதலில் நான் என் மூன்று மடக்கைக் குடித்தேன். பிறகு அருவதா இலையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, எலுமிச்சை பிழிந்து, மரவள்ளி மாவைக் கரைத்துக் காய்ச்சி இறக்கி, ஆறியதும் சில துளி சாராயம் விட்டுக் கிளறினேன். கரண்டியைச் சாய்த்தால் சொட்டாமல் நிற்க வேண்டும். நின்றது.

பெர்பெத்துவா பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "இது என்ன, போஸ்டர் ஒட்டறதுக்கா?"

"மூணு கரண்டி. கணக்கு ஒண்ணுதான்."

"ஆகஸ்ட்டுக்குக் கூழு ஊத்தி ஏமாத்தப் பாக்கற."

அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைத் தாழ்த்தி, மூன்று கரண்டி கொடுத்தேன். மூன்றையும் ஒழுங்காக விழுங்கினார். ஆறு மணி அடித்தது. வானொலியை வைத்தேன். அதை நான் வைத்திருக்கக் கூடாது.

நிலையத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வில்ஃப்ரிதோ, இந்த வருடம் பேச ஆளில்லை என்று போன வருடத்துப் பதிவைப் போட்டான். ஐம்பது வயது ஆள், தோன் தாச்சோவிடம் தொழில் கற்றவன். அன்பில் செய்ததுதான். அந்த அறைக்குள் அவருடைய பழைய குரல் கணீரென்று வந்தது.

"நம்ம சனங்களே, இன்னிக்கு ஆகஸ்ட் ஒண்ணு. பல்லு விளக்காதீங்க, பொண்டாட்டியத் திட்டாதீங்க, நாய்கிட்டகூடப் பேசாதீங்க. மொதல்ல மூணு மடக்கு. குடிச்சாச்சா? சரி, கதைக்கு வருவோம். ரோமாபுரியில மொதல்ல இந்த மாசத்துக்குப் பேரே இல்ல. ஆறாவது மாசம், அவ்வளவுதான். வீட்டுல ஆறாவதாப் பொறந்தவன, ‘டேய் ஆறு, இங்க வாடா’ன்னு கூப்பிடற மாதிரி. அப்புறம் அகஸ்துன்னு ஒரு சக்கரவர்த்தி. தான் ஜெயிச்ச மாசம்னு இதுக்குத் தன் பேர வெச்சுக்கிட்டான். ஒரு மாசத்துக்கே மொதலாளி! அவன் எப்பச் செத்தான் தெரியுமா? ஆகஸ்ட் பத்தொம்பது. சொந்த மாசமே அவன விடல. எழுபத்தஞ்சு வயசு. ஏன் செத்தான்? அவன் ஊர்ல கர்ருலிம் இல்ல!"

படுக்கையில் தோன் தாச்சோவின் வாய் இடது பக்கம் சிரித்தது. வலது பக்கம் வரவில்லை. குரல் தொடர்ந்தது. பதினைந்தாம் தேதி அசுன்சியோன் பிறந்த நாள், ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்தேழில். பதினாறு, குழந்தைகள் நாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் எப்போதும் தாழும். பிறகு பூ லபாச்சோ, மிருகம் சிங்கம், கல் பச்சைக் கல், "நம்ம ஊர்ல கிடைக்கிற கல்லு செங்கல்லுதான், அதையே வெச்சுக்கோங்க."

கடைசியில் வந்தது வினை.

"சில பேரு கரண்டியில குடிப்பாங்க. டாக்டர் சொன்னாரு, பொண்டாட்டி சொன்னான்னு. கரண்டியில குடிச்சவன ஆகஸ்ட் கரண்டியிலயே அள்ளிக்கிட்டுப் போயிடும். மடக்குன்னா மடக்கு! ஒண்ணாந் தேதிய விட்டவங்க பயப்படாதீங்க. பதினஞ்சு, மாதா ஊர்வலம் முடியற வரைக்கும் டைம் இருக்கு. அதுக்கு மேல எங்கிட்ட வராதீங்க."

பெர்பெத்துவா என் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் இருவரையும் பார்த்தார்.

"கேட்டியா?" என்றாள். "அவன் வாயாலயே சொல்றான்."

"போன வருசம் சொன்னது அது. போன வருசம் அவருக்கு விழுங்க வந்துது."

"இந்த வருசம் அவனால சொல்ல முடியல. அதான் போன வருசமே சொல்லி வெச்சிருக்கான்."

கரண்டியைக் கழுவி வைத்தேன். பயிற்சியில் இதெல்லாம் சொல்லித்தரவில்லை.

அன்று முதல் ஊரே பாட்டிலோடு வந்தது. அவர் முப்பது வருடமாக யாருக்கெல்லாம் பிறந்தநாள் பாட்டுப் போட்டாரோ, யார் மாடு காணாமல் போனதைக் கூவினாரோ, அவர்கள் எல்லோரும். பச்சை பாட்டில், மருந்து பாட்டில், கோகோ கோலா பாட்டில். எல்லோரிடமும் வாங்கினேன். நன்றி சொன்னேன். அவர் உதட்டில் ஒரு துளி தடவிக் காட்டினேன், அது உள்ளே போகாது. அவர்கள் போனதும் என் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பதினோரு பாட்டில் சேர்ந்தது. பெட்டி திறந்தால் சாராயக் கடை வாசம் அடித்தது. பெர்பெத்துவா தன் பாட்டிலை மட்டும் என்னிடம் தரவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, "ஊத்திட்டேன்" என்றாள். நம்பினேன். அது மாதா சிலைக்குப் பின்னால் இருந்தது. அவ்வளவு நாளும் நான் தினம் அந்தச் சிலையைத் துடைத்தேன், முன்பக்கம் மட்டும்.

நாட்கள் நன்றாகத்தான் போயின. எடை ஒரு கிலோ கூடியது. முதுகில் புண் இல்லை. ஜன்னலுக்கு வெளியே லபாச்சோ பூத்தது. காய்ச்சல் இல்லாமல் ஒவ்வொரு நாளும் முடிந்தபோது நோட்டில் அந்தக் கடைசி வரி கொஞ்சம் நெருங்கி வந்த மாதிரி இருந்தது. எனக்கே நம்பிக்கை வந்தது. இந்த வேலையில் அது வரக் கூடாது.

பதினைந்தாம் தேதி ஊர்வலம். பெர்பெத்துவா சொன்னாள், "நீ போய்ட்டு வா, லெயோ. ஏழு வாரமா வெளிய எட்டிப் பாக்கல. எனக்கு முட்டி வலி, நான் உக்காந்துக்கறேன்."

ஞா பெர்பெத்துவா அறுபது வருடத்தில் ஒரு மாதா ஊர்வலத்தையும் விட்டவள் இல்லை. முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு போனவள். இது எனக்கு இரண்டாவது தெருமுனையில்தான் உறைத்தது. மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். ஓட முடியாது, எழுபத்தொரு வயது. முடிந்த வேகத்தில் நடந்தேன்.

வீட்டில் எல்லாம் முறையாக இருந்தது. அதுதான் கொடுமை. முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை, நான் சொல்லிக்கொடுத்த மாதிரி. தாடை தாழ்ந்திருந்தது, நான் சொல்லிக்கொடுத்த மாதிரி. கழுத்தில் துண்டு. மேசையில் சின்னக் கண்ணாடி டம்ளர், காலி. அடியில் ஒரு அருவதா இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா?" என்றாள். முகமெல்லாம் வெளிச்சம். "மூணு மடக்கு. ஒரு இருமல்கூட இல்ல. நீயும் உன் குழாயும்!"

இருமல் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். உள்ளே தப்பான வழியில் போனது தெரிந்தால் உடம்பு இருமும். இவருக்கு அந்த உணர்வே இல்லை. சத்தமில்லாமல் இறங்கியிருந்தது.

"வாயத் தொறக்க வெச்சீங்களா?"

"நான் ஏன் தொறக்க வெக்கறேன்? டம்ளரப் பாத்ததும் அவனே தொறந்தான். குருவிக் குஞ்சு மாதிரி."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அட்டையில் வரைந்த படம் சுவரில் அவர் கண்ணுக்கு நேராகத்தான் மாட்டியிருந்தது. அவர் ஏன் வாயைத் திறந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காவின் கையைத் தட்டிவிட மனமில்லாமல் இருக்கலாம். நாற்பது வருடம் ஊருக்குச் சொன்னதைத் தானே நம்பியிருக்கலாம். வெறும் தாகமாகவும் இருக்கலாம். ஏழு வாரமாகக் கூழைத் தவிர எதுவும் தொண்டையில் இறங்காத மனிதர்.

பெர்பெத்துவா அவர் பக்கம் குனிந்தாள். "சொல்லு, தாச்சோ. ஜனவரி..."

பிப்ரவரி, மார்ச் என்று தொடங்கினார். ஜூன். ஜூலை. நின்றார். பிறகு, "ஆகஸ்ட்" என்றார்.

அவள் ஓவென்று அழுதாள். அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். வெளியே ஊர்வலத்தின் வெடிச் சத்தம். அவள் அதை மாதாவின் பதில் என்றாள்.

எனக்கு வேறொன்று கேட்டது. குரல் ஈரமாக இருந்தது. தண்ணீருக்குள் இருந்து பேசுகிறவரின் குரல், கொதிக்கும் பானையின் மூடிக்கு அடியில் வரும் சத்தம். அவள் அந்தச் சொல்லைக் கேட்டாள், நான் அந்த ஈரத்தைக் கேட்டேன். அவரை முன்பக்கம் சாய்த்து முதுகைத் தட்டினேன். உறிஞ்சி எடுக்கும் கருவி எங்கள் சுகாதார நிலையத்திலேயே இல்லை, இருந்தாலும் அன்று விடுமுறை. மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினெட்டு. சாயங்காலம் இருபத்திரண்டு. எண்ணுவதுதான் என் கையில் இருந்தது.

மறுநாள் பதினாறு. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்கள் தெரு வழியாகப் போனார்கள், முகத்தில் கரி பூசி, சோளக் குஞ்சத்தில் செய்த தாடி ஒட்டிக்கொண்டு. எங்கள் ஊரில் இருந்து நடந்து போகும் தூரத்தில்தான் பிள்ளைகள் சண்டையிட்ட அந்த வயல். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பதில், போர் கிட்டத்தட்டத் தோற்றுப்போன பிறகு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குக்கூடப் பொய்த் தாடி ஒட்டி, பெரிய படைக்கு எதிரே நிறுத்தினார்கள். அதனால்தான் எங்கள் குழந்தைகள் நாள் ஆகஸ்ட் பதினாறில் வருகிறது. பிள்ளைகளுக்கு மிட்டாய் கிடைக்கும். தோன் தாச்சோ அன்று அந்தச் செய்தியை வாசித்துவிட்டுப் பாட்டு எதுவும் போடமாட்டார்.

வில்ஃப்ரிதோ ஒலிவாங்கியோடு வந்து நின்றான். பெர்பெத்துவா எல்லோருக்கும் சொல்லியிருந்தாள்.

"ஒரே ஒரு வார்த்தை, ஞா லெயோ. ஊரே கேட்டுக்கிட்டு இருக்கு."

"காய்ச்சல் ஆரம்பிக்குது, வில்ஃப்ரிதோ. முப்பத்தேழு புள்ளி எட்டு."

"ஒரு வார்த்தையில காய்ச்சல் ஏறிடுமா?"

ஏறாது. அதனால் மறுக்கவும் வழியில்லை. ஒலிவாங்கியைக் கண்டதும் தோன் தாச்சோ தன் இடது கையால் சட்டைக் காலரைச் சரிசெய்தார். நான் "ஜனவரி" என்று தொடங்கினேன். தாடி வைத்த பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று கூடவே சொன்னார்கள். ஆகஸ்ட்டில் தெருவே கைதட்டியது. என்னைத் தவிர எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், அவர் உட்பட.

மதியம் செவிலி வந்து மருந்து கொடுத்தாள். பதினேழாம் தேதி காய்ச்சல் முப்பத்தொன்பது. பதினெட்டாம் தேதி மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சின்ன வயது டாக்டர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து வலது நுரையீரலின் அடிப்பகுதியைக் காட்டினார். வெள்ளையாக இருந்தது.

"ஏதாவது குடிச்சாரா?"

பெர்பெத்துவா பக்கத்தில் நின்றாள். மருத்துவரிடம் பொய் சொல்லக் கூடாது. "பதினஞ்சாந் தேதி மூணு மடக்கு கர்ருலிம்" என்றேன்.

அவர் எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்து, "ஏன், ஒண்ணாந் தேதி குடுக்கலியா?" என்றார்.

"நல்லாக் கேளுங்க டாக்டர்" என்றாள் பெர்பெத்துவா. "இவதான் கூழு காச்சினா."

நான் தாழ்வாரத்துக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். டாக்டர் நல்லவர்தான். மருந்து எல்லாம் சரியாகவே போட்டார். ஆறு வருடம் படித்திருந்தாலும் அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. ஒன்றாம் தேதி காலை அவர் அம்மா அவருக்கு ஊற்றிக் கொடுத்திருப்பாள்.

பத்தொன்பதாம் தேதி பெர்பெத்துவா கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்து, "சக்கரவர்த்தி செத்த நாள், தாச்சோ. அதையும் தாண்டிடு" என்றாள். தாண்டினார். இருபத்தைந்தையும் தாண்டினார். நோட்டு அவர் கைக்கு அருகிலேயே இருந்தது. மூச்சு நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. முப்பத்து நான்கு. பெரிய இயந்திரங்கள் தலைநகரில் இருந்தன, அங்கே படுக்கை இல்லை. நான் வாயை ஈரத் துணியால் துடைத்தேன், இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்தேன், காலைத் தேய்த்துவிட்டேன். இவற்றால் யாரும் பிழைத்ததில்லை. நிறுத்தவும் முடியாது.

இருபத்தொன்பதாம் தேதி, காலை பத்து மணிக்கு, வடக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது இறந்தார். இரண்டு நாள் மிச்சம் இருந்தது.

பெர்பெத்துவா அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணாந் தேதி குடிக்காததுக்கு ரெண்டாந் தேதியே போயிருப்பான். நான் குடுத்ததுலதான் இருபத்தொம்பது வரைக்கும் இழுத்தான். லேட்டாக் குடுத்தேன், அதான் முழுசாப் பிடிக்கல." அழுதபடியே என் கையைப் பிடித்தாள். "உம்மேல கோவம் இல்ல, லெயோ. உனக்குத் தெரியல. நீ என்ன பண்ணுவ?"

ஊரும் அதையே சொன்னது. கூழ் ஊட்டியவள் என்று கடையில் இரண்டு பேர் என் காதுபடவே பேசினார்கள். நான் உண்மையைச் சொல்லலாம். சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? ஆனால் எண்பத்து நான்கு வயதுக்காரி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? தம்பியை எழுப்பவா முடியும்? மருந்து கொடுக்கும் முன் அதனால் என்ன பயன் என்று கேட்கப் பழகியவள் நான். பயன் இல்லை. என் மேலேயே இருக்கட்டும் என்று விட்டேன். எனக்குத் தாங்கும் தோள் இருக்கிறது. அட்டையை மட்டும் சுவரில் இருந்து கழற்றி அடுப்பில் போட்டேன்.

முப்பதாம் தேதி அடக்கம். முப்பத்தொன்றாம் தேதி காலை வில்ஃப்ரிதோ நோட்டைக் கேட்டு வந்தான். வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கடைசி வரிய வாசிக்கட்டுமா, ஞா பெர்பெத்துவா? ரெண்டு நாள்தானே. யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் நோட்டை எடுத்து வந்தாள். "அவன் யாரையாவது அப்படி வாசிச்சிருக்கானா?"

"இல்ல. எங்க அப்பா முப்பதாந் தேதி போனாரு. வாசிக்கல. நான் கெஞ்சிக் கேட்டேன்."

"அப்ப நீயும் வாசிக்காத."

நண்பகலில் நான் அவருடைய மெத்தையைப் பின்முற்றத்தில் வெயிலில் போட்டுத் தடியால் அடித்துக்கொண்டிருந்தேன். பெர்பெத்துவா வானொலியைத் தூக்கிக்கொண்டு வந்து கிணற்றுச் சுவரில் வைத்தாள். வில்ஃப்ரிதோவுக்குக் குரல் கிடையாது, பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பது போல வாசித்தான். பன்னிரண்டாவது பெயர், "பெர்பெத்துவா ஒவெலார், எண்பத்து நாலு." அவள் தலையசைத்தாள். மேலும் பெயர்கள். முப்பத்தொன்பதாவதாக, "லெயோகாதியா ரிக்கெல்மே, எழுபத்தொண்ணு." ஜூலையில் தோன் தாச்சோ அக்காவை எழுத வைத்தபோது என் பெயரையும் சேர்க்கச் சொல்லிச் சைகை காட்டியிருக்கிறார். எனக்குத் தெரியாது.

நாற்பதோடு முடிந்தது. பிறகு வானொலியில் ஒன்றும் இல்லை. வெறும் இரைச்சல், பாட்டுப் போடவில்லை. மாட்டுத் தீவன விளம்பரம் வரும் வரை அப்படியே இருந்தது.

பெர்பெத்துவா மத்தேயில் வெந்நீர் ஊற்றினாள். இனிமேல் கதவைச் சாத்திக் குடிக்க வேண்டியதில்லை.

"அடுத்த வருசம் நீ இங்கதான இருப்ப?" என்றாள்.

"கூப்பிட்டா இருப்பேன்."

"எனக்கு ஒண்ணாந் தேதியே குடுத்துரு. மடக்கா. கரண்டி கிரண்டின்னு ஆரம்பிக்காத."

"குடுக்கறேன்" என்றேன்.

அவள் உறிஞ்சினாள், விழுங்கினாள். நான் தடியை நிறுத்திவிட்டு அவள் தொண்டையைக் கவனித்தேன். சுத்தமாக இறங்கியது. மெத்தையின் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டேன்.